புகைபோக்கி, பே விண்டோ வேலைகளுக்கு லெட் (ஈயத்தகடு) வெல்டிங் பழகுவது எப்படி?

ஹரோ மேசன்:

வணக்கம். லண்டன் ஹரோ பக்கம் சின்னக் கட்டிட வேலைகள் செய்கிறேன். செங்கல், பூச்சு, ஓடு மாற்றுவது, வாசல் போர்ச் கட்டுவது எல்லாம் சொந்தக் கையால்தான். கூரையில் ஈயத்தகடு வந்துவிட்டால் மட்டும் வெளியாளைக் கூப்பிடுகிறேன். அவர் தன் வசதிக்குத்தான் வருவார். அதுவரை சாரத்தின் வாடகை என் தலையில்.

நேரான பிளாஷிங் (கூரையும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் மூடும் தகடு) என்றால் வெட்டி, மடித்து, செங்கல் இடைச் சாந்தைக் கீறிச் செருகத் தெரியும். மாட்டிக்கொள்வது மூலைகளில்தான். புகைபோக்கியின் முன் ஏப்ரன் (முன்பக்க அடியை மூடும் தகடு) மூலையைச் சுற்றித் திரும்பும் இடம், புகைபோக்கிக்குப் பின்னால் தண்ணீரை வாங்கும் தொட்டியின் இரண்டு நுனிகள், பே விண்டோ (சுவரைத் தாண்டி வெளியே நிற்கும் ஜன்னல்) கூரையில் சரிவுகள் வந்து சேரும் இடம். வெல்ட் செய்கிறவர் நின்ற நிலையில் சட்டென்று முடித்துவிட்டுப் போகிறார். ஒட்டிய இடம் மீன் செதில் மாதிரி அழகாக இருக்கிறது.

ஊரில் கேற், கிறில் வெல்டிங் செய்தவன். ஆர்க், மிக் இரண்டும் வரும். கேஸ் பிடித்ததில்லை. என்ன செற் வாங்க வேண்டும்? பிளம்பர் வைத்திருக்கும் புரொப்பேன் ரோச் போதுமா? கராஜில் தனியாகப் பழகலாமா, இல்லை கோர்ஸ் போக வேண்டுமா?

இன்னொன்று. ஒன்றரை மீற்றருக்கு ஒருமுறை தகட்டை வெட்டி மேலொன்று கீழொன்றாகப் போடச் சொல்கிறார்கள். வெல்ட் பழகிவிட்டால் அந்தத் துண்டுகளையெல்லாம் ஒட்டி ஒரே நீளமாக்கிவிடலாம் அல்லவா? ஒழுக்குக்கு இடமே இருக்காது.

குரொய்டன் கூரை:

ஏன் இந்தத் தலையிடி? ஈயம் இல்லாத பிளாஷிங் ரோல் இப்போது எல்லா மேர்ச்சன்ட்டிலும் இருக்கிறது. கத்தியால் வெட்டி, கையால் அழுத்தி, பசை பூசினால் மூலையும் முடிந்தது. தோள் வலி இல்லை. இரவில் கள்வன் ஏறி உரித்துக்கொண்டு போகவும் மாட்டான்.

பழைய ஈயக்காரன்:

குரொய்டன் தம்பி சொல்வது பின்வளவு எக்ஸ்டென்ஷனுக்குச் சரி. லிஸ்டட் கட்டிடத்தில், அதாவது சட்டம் பாதுகாக்கும் பழைய கட்டிடத்தில், அந்த ரோலைக் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள், கவுன்சில்காரர் உரிக்கச் சொல்வார். நூறு வருடம் நின்ற ஈயத்தை நான் கழற்றியிருக்கிறேன். அந்த ரோல் நூறு வருடம் நிற்குமா என்று பார்க்க நான் இருக்கமாட்டேன்.

ஹரோ தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஏனென்றால் வெல்டிங் பழகிய பில்டர்கள் கூரையைக் கெடுப்பது அங்கேதான். துண்டுகளை ஒட்டி ஒரே நீளமாக்கக் கூடாது. ஈயம் வெயிலுக்கு நன்றாக நீளும். ஒன்றரை மீற்றர் துண்டு, குளிர்கால இரவுக்கும் கோடை மத்தியானத்துக்கும் இடையில் 60 பாகை மாறினால், இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் நீண்டு சுருங்கும். ஆறு மீற்றராக ஒட்டினால் பத்து மில்லிமீற்றர். அதை ஆப்பு அடித்துச் சுவரில் இறுக்கியும் வைத்திருக்கிறீர்கள். போக வழி இல்லாமல் தகடு ஓரிடத்தில் புடைக்கும், தினமும் அதே இடத்தில் மடங்கும், சில வருடத்தில் வெடிக்கும். வெல்ட் வெடிக்காது, வெல்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும். வீட்டுக்காரர் வெடிப்பை அடைக்க மாஸ்ரிக் பசை பூசுவார், பிறகு என்னைக் கூப்பிடுவார். கோட் 4, கோட் 5 (கோட் என்பது தகட்டின் தடிப்பைச் சொல்லும் எண்) பிளாஷிங்குக்கு 1.5 மீற்றர் எல்லை, ஒரு துண்டு அடுத்ததன் மேல் 100 மி.மீ. மேல்விழுகை. எவ்வளவு நன்றாக வெல்ட் வந்தாலும் இது மாறாது.

அப்படியானால் வெல்டிங் எதற்கு? மூலைக்கு மட்டும். அதிலும் எல்லா மூலைக்கும் இல்லை. ஈயம் மற்ற உலோகம் மாதிரி இல்லை. மரச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டினால் ஓரிடத்தில் இருப்பது இன்னோரிடத்துக்கு நகரும். இங்கே அதைப் பொஸிங் என்பார்கள். தொட்டியின் உள்மூலை போன்ற இடத்தில் ஈயம் மிஞ்சும். மிஞ்சியதைத் தட்டி மேலே ஏற்றி, விளிம்பில் வெட்டி எறியலாம். நெருப்பே வேண்டாம். புகைபோக்கியின் வெளிமூலையில் கதை தலைகீழ். அங்கே ஈயம் போதாது, பக்கத்திலிருந்து இழுத்து வர வேண்டும். கை பழகாதவர் இழுத்தால் மூலையில் தகடு மெலிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, அங்கேதான் முதலில் கிழியும். அந்த இடத்தில் தகட்டை வெட்டித் திறந்து, ஒரு முக்கோணத் துண்டு வைத்து வெல்ட் செய்வது நல்ல வழி. உங்கள் முன் ஏப்ரனின் மூலையும் பின்தொட்டியின் இரண்டு நுனிகளும் இந்த வகை.

இந்த வெல்டைக் கூரையில் நின்று செய்யாதீர்கள். அளவை எடுத்து, மட்டையில் அச்சு வெட்டி, புகைபோக்கியில் வைத்துப் பார்த்து, கீழே இறங்கி வந்து மேசையில் வெல்ட் செய்யுங்கள். செய்து முடித்த துண்டைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். புகைபோக்கிக்கு நான் அப்படித்தான். நின்ற இடத்திலேயே முடிக்கும் அந்த ஆளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பழைய கூரைக்குள் நூறு வருடத் தூசி, குருவிக் கூடு, காய்ந்த மரச் சட்டங்கள். சுவாலை ஓட்டுக்குக் கீழே ஒரு நொடி எட்டிப் பார்த்தால் போதும், உடனே எரியாது, புகைந்துகொண்டே இருக்கும். நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது எரியும். மேற்கு சசெக்ஸில் அப்பார்க் என்று, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நஷனல் ட்ரஸ்டின் பெரிய மாளிகை. 1989 ஆகஸ்ட் 30 அன்று கூரையில் ஈயத்தகடு திருத்திக்கொண்டிருந்தவர்களின் சுவாலையால் தீப்பிடித்தது. வேலை முடிய இரண்டே நாள் இருந்தது. கட்டி எழுப்பித் திரும்பத் திறக்க 1995 ஆகிவிட்டது. அங்கே வேலை செய்தவர்களுக்கும் வெல்டிங் தெரியும்தானே.

சரி, சாமானுக்கு வருவோம். புரொப்பேன் ரோச்சின் சுவாலை அகலம். ஈயத்துக்கு 327 பாகை போதும், அதனால் உருகத்தான் செய்யும். ஆனால் ஒட்ட வேண்டிய விளிம்பு சேருவதற்கு முன் சுற்றிலும் உருகி ஓட்டையாகும். ஒட்சிசனும் அசெற்றிலினும் வேண்டும். ரோச் சின்னது, பேனா மாதிரிப் பிடிக்கும் அளவு. மொடல் ஓ என்று கேட்டால் கடையில் தெரியும். கோட் 4, 5க்கு 2ஆம் அல்லது 3ஆம் இலக்க நொசில். இரண்டு வாயுவுக்கும் அழுத்தம் 0.14 பார் அளவுக்கு, அவ்வளவு மென்மையாக. இரண்டு குழாயிலும் பிளாஷ்பாக் அரெஸ்டர் (சுவாலை குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது) இல்லாமல் திறக்கவே வேண்டாம். அசெற்றிலின் சிலிண்டரை வான் வண்டியில் படுக்க வைக்கவும் கூடாது.

ஆர்க் தெரிந்தவருக்கு ஒரு சிக்கல் உண்டு. இரும்பு சிவந்து காட்டிக்கொடுக்கும். ஈயம் சிவக்காது. சாம்பல் நிறமாகவே இருந்து, திடீரென்று கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். அதுதான் உருகிய நேரம். அதற்கு அடுத்த நொடி ஓட்டை. நீங்கள் பார்க்க வேண்டியது நிறத்தை இல்லை, மினுக்கத்தை. சுவாலையை அந்த இடத்தில் நிறுத்தாமல், தொட்டு, உருக்கி, ஈயக் கீலத்தின் (மூட்டை நிரப்பும் மெல்லிய ஈயத் துண்டு) ஒரு துளியைச் சேர்த்து, விலக்கி, அடுத்த இடம். நீங்கள் சொன்ன செதில் அப்படித்தான் வருகிறது. அழகுக்காக யாரும் போடுவதில்லை.

அதற்கு முன் சுரண்டல். இதில்தான் பாதி வேலை. ஈயத்தின் மேல் எப்போதும் ஒட்சைட் தோல் ஒன்று இருக்கும். அந்தத் தோல் உருக 888 பாகை வேண்டும். அடியில் ஈயம் உருகிக் கிடக்கும், தோல் உருகாமல் இரண்டு பக்கத்தையும் பிரித்து வைத்திருக்கும். அதனால் ஷேவ்ஹுக் என்ற முக்கோணச் சுரண்டியால் மூட்டின் இரு பக்கமும் ஆறு மில்லிமீற்றர் அகலத்துக்கு வெள்ளி மாதிரி மின்னும்வரை சுரண்ட வேண்டும். விளிம்பின் தடிப்பையும் விடக்கூடாது. இட்டு நிரப்பும் கீலத்தையும் சுரண்ட வேண்டும். சுரண்டியதும் வெல்ட் செய்துவிடுங்கள். காலையில் சுரண்டிவிட்டு மத்தியானம் வந்தால் மறுபடி தொடக்கம். கீலத்தை அதே தகட்டின் வெட்டுத் துண்டிலிருந்து எடுங்கள். பழைய கூரையிலிருந்து கழற்றிய ஈயம் வேண்டாம், அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பழக கோட் 5 வாங்குங்கள், ரோலில் சிவப்பு அடையாளம் இருக்கும், 2.24 மி.மீ. தடிப்பு. நீல அடையாளம் போட்ட கோட் 4 என்றால் 1.8 மி.மீ., அது சீக்கிரம் ஓட்டையாகும். கோட் எண் என்பது ஒரு சதுர அடியின் எடை, பவுண்டில். விலையும் எடையோடு ஏறும், அதனால் சின்ன ரோல் போதும்.

கோர்ஸ் பற்றி: கென்ட்டில் லெட் ஷீட் ரெயினிங் அகாடமி இருக்கிறது. ஆரம்ப கோர்ஸ் சில நாள்தான். என்னைக் கேட்டால் கராஜில் கொஞ்சம் தட்டிப் பழகிவிட்டு, அதன் பிறகு போங்கள். கேள்வியோடு போகிறவனுக்குத்தான் கோர்ஸ் காசுக்குப் பெறுமதி.

ரெடிங் கோவைக்காரன்:

ஐயா எழுதினதைப் படிக்கிறப்போ பழைய வேலை ஞாபகம் வருது. நான் கூரை ஆள் இல்லை, கெமிக்கல் பிளான்ட் ஆள். ஊரில் சல்பூரிக் ஆசிட் தொட்டிகளுக்கு உள்ளே ஈயத்தகடு போர்த்துவாங்க. ஆசிட் பட்டதும் மேலே லெட் சல்பேட் படலம் உருவாகி, அதுவே அடியில் இருக்கிற ஈயத்தைக் காப்பாத்தும். அங்கே இந்த வேலைக்குப் பேரு லெட் பர்னிங்.

ஹரோ நண்பருக்கு ஒரு விஷயம். தகட்டைப் படுக்க வைச்சுப் பழகினது செங்குத்தில் உதவாது. செங்குத்தாக நிற்கிற தகட்டில் எங்க ஆட்கள் கீழிருந்து மேலேதான் போவாங்க. கீழே உறைஞ்ச சொட்டு மேலே வர்ற சொட்டுக்குப் படி மாதிரி நிற்கும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஷூ மேலே. இரண்டு தகடும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு இஞ்ச் அளவுக்கு ஏறி இருக்கணும்.

அப்புறம் காற்று. ஈயத்தை உருகுற அளவுக்கு மட்டும் சூடு பண்ணினால் புகை ரொம்பக் குறைவு. 500 டிகிரிக்கு மேலே போகப் போகத்தான் புகை கிளம்பும். ஆனால் உங்க கையில் இருக்கிற சுவாலை மூவாயிரம் டிகிரி. ஒரே இடத்தில் வைச்சுக்கிட்டு நின்றால் நீங்க ஈயத்தைத்தான் மூச்சில் உள்ளே இழுக்கிறீங்க. கராஜ் கதவை முழுசாகத் திறந்து வைங்க. சரியான ஃபில்டர் மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் வேண்டாம்.

கூரைக்காரர் வீட்டம்மா:

என் கணவர் கூரை வேலை, நான் கணக்கும் கடிதமும். யாரும் சொல்லாத இரண்டு விஷயம்.

முதலாவது இன்சூரன்ஸ். பப்ளிக் லயபிலிட்டி (மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்கான காப்பு) இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சிலிண்டரைத் தூக்காதீர்கள். சின்ன பில்டருக்குக் கொடுக்கும் பாலிசிகளில் ஹொட் வேர்க்ஸ் (சுவாலை பிடித்துச் செய்யும் வேலை) சேர்க்கப்படாமல் இருப்பது சாதாரணம். எங்களுடையதில் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தோம். சேர்த்த பிறகும் நிபந்தனைகள் உண்டு: பக்கத்தில் தீயணைப்பான், எரியக்கூடியதை அகற்றுவது, சுவாலையை அணைத்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே நின்று பார்ப்பது. அந்த ஒரு மணி நேரத்தை நான் குவோட்டில் எழுதுகிறேன். வாடிக்கையாளர் ஏன் என்று கேட்டால் விளக்குவேன். ஐயா சொன்ன மாதிரி கீழே வெல்ட் செய்தால் இந்தத் தொல்லை பாதி குறையும், ஆனால் புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

இரண்டாவது பிள்ளைகள். ஈயம் கையிலும் சட்டையிலும் வீட்டுக்கு வரும். என் கணவர் வேலை உடுப்பைக் கராஜில் கழற்றாமல் உள்ளே கால் வைக்க முடியாது. அதை வேறாகத்தான் துவைக்கிறேன். வேலை இடத்தில் கை கழுவாமல் சாப்பிடுவது, சிகரெட் பிடிப்பது எல்லாம் நேராக வயிற்றுக்குப் போகிற வழி. ஈயத்தோடு வேலை செய்வதற்கு இங்கே 2002ஆம் ஆண்டின் தனி விதிமுறைகள் இருக்கின்றன. தொழிலாளியின் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 60 மைக்ரோகிராமைத் தொட்டால் வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அது 30. சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. சொந்தமாக வேலை செய்கிறவரை யாரும் கூப்பிட்டுச் சோதிக்கமாட்டார்கள், நீங்களாகக் கேட்க வேண்டும்.

ஹரோ மேசன்:

எல்லாருக்கும் நன்றி. புரோக்கருக்கு எழுதினேன், என் பாலிசியில் ஹொட் வேர்க்ஸ் இல்லைதான். இப்போதைக்குக் கராஜில், சொந்தச் செலவில். செற் வாடகைக்கு எடுத்து, கோட் 5 ரோல் ஒன்றும் வாங்கிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு தகட்டையும் முட்ட வைத்து ஒட்டுகிறேன். மேலே பார்த்தால் செதில் வருகிறது. ஆனால் வெட்டி மடித்தால் சில இடத்தில் வெல்டின் ஓரமாகவே முறிகிறது, சில இடத்தில் நடுவே பிரிகிறது. இடையிடையே குமிழியும் வெடிக்கிறது. கராஜின் சீமெந்துத் தரையில் வைத்துத்தான் செய்கிறேன். அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமா?

பழைய ஈயக்காரன்:

வெட்டி மடித்துப் பார்த்தீர்களே, அது நல்ல பழக்கம். அழுத்தத்தைத் தொட வேண்டாம்.

மூன்றும் மூன்று வேறு நோய். ஓரமாக முறிவது, சுவாலை தகட்டின் பக்கத்தைத் தின்றுவிட்டு நீங்கள் நிரப்பாமல் நகர்ந்ததால். வெல்டின் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஒரு வாய்க்கால் தட்டுப்படும். அந்த இடத்தில் உங்கள் கோட் 5 கோட் 3 ஆகிவிட்டது. சுவாலையைத் தகட்டில் வைக்காமல் மூட்டின் நடுவில் வையுங்கள், ஓரத்துக்குத் தானாகப் பரவும். முடிந்த வெல்டின் நடு, தகட்டை விட மூன்றில் ஒரு பங்கு தடிப்பாக நிற்க வேண்டும். ஒரே தடவையில் அது வராவிட்டால் இரண்டாம் தடவை மேலே ஓட்டலாம்.

நடுவே பிரிவது, அடிவரை உருகாததால். தகட்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மூட்டின் கோடு இன்னும் தெரிந்தால் மேலே இருப்பது வெறும் பூச்சு. முதல் ஓட்டத்தில் கீலத்தை அவசரப்பட்டு ஊட்டாமல், முதலில் இரண்டு விளிம்பும் சேர்ந்து அமிழ்வதைப் பார்த்த பிறகு துளியைச் சேருங்கள். அடிப்பக்க விளிம்பையும் இலேசாகச் சுரண்டினீர்களா?

குமிழி உங்கள் தரையால். சீமெந்துக்குள் ஈரம் இருக்கும், சூடு பட்டதும் ஆவி மேலே கிளம்பி உருகிய ஈயத்தைத் துளைத்துக்கொண்டு வரும். அதிகம் சூடானால் சீமெந்தே தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. காய்ந்த பிளாஸ்ரர்போர்ட் ஒன்றை மேசையில் போட்டு அதன் மேல் செய்யுங்கள். மரப் பலகை வேண்டாம். கண்ணுக்கு உங்கள் ஆர்க் முகமூடி மிகவும் கறுப்பு, அந்த மினுக்கம் தெரியவே தெரியாது. கேஸ் வெல்டிங் கண்ணாடி வாங்குங்கள்.

படுக்கை மூட்டு ஒழுங்காக வந்த பிறகு, கோவைக்காரர் சொன்ன செங்குத்தைத் தொடுங்கள். வெட்டுத் துண்டுகளை எறியாமல் வாளியில் சேருங்கள். பழகவும் ஆகும், மிஞ்சினால் விற்கவும் ஆகும். 2013 சட்டத்துக்குப் பிறகு பழைய உலோகக் கடைக்காரர் காசைக் கையில் தரமாட்டார், அடையாள அட்டையும் கேட்பார், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஹரோ மேசன்:

தரை விஷயம் யோசிக்கவே இல்லை, நன்றி அண்ணை. கடைசியாக ஒன்று. முதல் வேலையாக எதை எடுக்கலாம்? பே விண்டோ ஒன்று வந்திருக்கிறது.

பழைய ஈயக்காரன்:

பே விண்டோ வேண்டாம். அதில் சரிவுகள் சேரும் இடத்தைக் கூரையிலேயே பொருத்திப் பார்த்துத்தான் முடிக்க வேண்டி வரும். ஒற்றைப் புகைபோக்கி ஒன்றின் முன் ஏப்ரன் எடுங்கள், கோட் 4. நீளம் புகைபோக்கியின் அகலத்தோடு இரு பக்கமும் 150 மி.மீ. கூட. சுவரில் மேலேறுவது 150, ஓட்டின் மேல் இறங்குவது இன்னொரு 150. இரண்டு மூலைக்கும் முக்கோணத் துண்டு, கீழே மேசையில் வெல்ட். புகைபோக்கி அகலமாக இருந்து மொத்த நீளம் ஒன்றரை மீற்றரைத் தாண்டினால் அந்த வேலையை விட்டுவிட்டு வேறொன்று பாருங்கள்.

செங்கல் இடையில் 25 மி.மீ. ஆழம் செருகி, 450 மி.மீ.க்கு ஒரு ஈய ஆப்பு. இடைவெளியைச் சாந்தால் அடைக்க வேண்டாம், ஈயத்துக்கான சீலன்ற் போடுங்கள். முடித்த அன்றே, மழை வர முன், பற்றினேஷன் எண்ணெய் (புது ஈயத்தில் வெள்ளைக் கறை வராமல் தடுப்பது) பூசிவிடுங்கள், மேல்விழுகைக்கு அடியிலும் விளிம்பிலும் கூட. பூசாமல் வந்தால் முதல் மழைக்கே ஓடு முழுக்க வெள்ளைக் கறை வழியும், வீட்டுக்காரர் உங்கள் வெல்டைப் பார்க்கமாட்டார், அதைத்தான் பார்ப்பார்.